அவன் வாங்கும் திட்டு

எங்கள் அலுவலகத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு போனில் பேசும் வேலைக்கு ஒரு இடம் காலியானது. மெயில் எழுதிக்கொண்டிருந்த நானும் பக்கத்து நாற்காலிக்காரனும் கேட்டிருந்தோம். வெள்ளிக்கிழமை இருவரையும் பேசவைத்துப் பார்ப்பதாக மேனேஜர் சொன்னார்.

நீலசந்திராவிலிருந்து போகும் பஸ்ஸில் நான் முணுமுணுத்துக்கொண்டே போவேன். தேடுவதற்கு லுக் ஃபார், விசாரிப்பதற்கு லுக் இன்டு, கவனித்துக்கொள்வதற்கு லுக் ஆஃப்டர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் யாரும் இல்லை. அவனோ எதையும் படிப்பதில்லை.

“எப்டிடா ஒனக்குக் கரெக்டா வருது?” என்றேன்.

“சொல்லிப் பாரு மச்சா. தப்பா இருந்தா காதே வேணாம்னிடும்.”

என் காது யாரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. எல்லாரையும் உள்ளே விட்டுவிடும்.

சேர்ந்து பேசிப் பழகலாம் என்று ஞாயிற்றுக்கிழமை லிங்கராஜபுரத்தில் இருக்கும் அவன் வீட்டுக்குக் கூப்பிட்டான். போய் உட்கார்ந்ததும் சமையலறையிலிருந்து அவன் அம்மாவின் குரல்: “டர்ன் ஆஃப் த ஃபேன்! பிக் அப் தட் டவல்! எத்தன வாட்டி சொல்றது?”

“ஃப்ரெண்டு முன்னாடி மானத்த வாங்குறாங்க, மச்சா,” என்று நெளிந்தான்.

எனக்கு வயிறு எரிந்தது. அவன் படிப்பின் மேல் இல்லை, சம்பளத்தின் மேலும் இல்லை. பிறந்ததிலிருந்து அவன் இங்கிலீஷில் வாங்கிய திட்டின் மேல்.

வெள்ளிக்கிழமை மேனேஜரே வாடிக்கையாளராக நடித்தார். பார்சல் வரவில்லை என்று கத்தினார். விசாரிக்கிறேன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். லுக் இன்டுவா, ஃபைண்ட் அவுட்டா, செக்கா? நிறுத்துப் பார்த்தேன்.

“ஹலோ? ஆர் யூ தேர்?” என்றார் மேனேஜர்.

அதற்குப் பிறகு சரியாகத்தான் சொன்னேன். ஆனால் அவன் முறை வந்தபோது, அவர் கத்தி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. இடம் அவனுக்கு.

“அடுத்தது ஒனக்குத்தான், மச்சா,” என்று தோளில் தட்டினான். சிரித்துவைத்தேன்.

வீட்டில் அம்மா கேட்டார், “இன்னாடா ஆச்சு?”

“அவனுக்குப் போயிடுச்சுமா.”

“போனா போவுது. இழவு வுழுந்த ஊடு மாதிரி மூஞ்ச வெச்சினு ஒக்காராத. எய்ந்து கை கழுவினு வா, சோறு ஆறுது பாரு, சோம்பேறி!”

ஒரு சொல்லைக்கூட அவர் தேடவில்லை. அன்று அம்மாவின் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.