தறி நின்றால் திரும்பிப் பார்ப்பாள்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து இந்த ஆனி மாதத்தோடு ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அப்பாவின் நல்ல குணங்களைப் படிக்கலாம் என்று எதிர்பார்ப்பீர்கள். அவை நிறையவே உண்டு. ஆனால் நான் அச்சகத்தில் பக்கம் அமைக்கும் வேலை செய்பவள். எத்தனையோ வீட்டு நினைவு மலர்கள் என் கணினி வழியாகப் போயிருக்கின்றன. அவற்றில் இறந்தவர்கள் எல்லாரும் தப்பே செய்யாதவர்கள். அப்பா ஒரு தவறு செய்தார். அதை விட்டுவிட்டு அவர் வாழ்க்கையை எழுத முடியாது. அந்தத் தவறு என்னைப் பற்றியது என்பதால், மாமா எழுதுவதாக இருந்த இந்தக் கட்டுரையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அப்பா பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவுக் குடும்பத்தில் மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் தறியில் உட்கார்ந்தார். இருபத்தாறு வயதில் அம்மாவைக் கைப்பிடித்தார். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்கள் வீட்டிலேயே தங்கி இரண்டாவது தறியை ஓட்டினார். அப்பாவுக்குப் புகையிலை, சீட்டு எதுவும் கிடையாது. தேநீர் விஷயத்தில் மட்டும் கட்டுப்பாடே இல்லை. கோபம் வந்தால் சாப்பிட மாட்டேன் என்பார். அம்மா அதை மறந்துவிட்ட பிறகு, தாமே தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வருவார்.

ஏழு வருடக் காத்திருப்புக்குப் பிறகு நான் பிறந்தேன். பிறந்ததிலிருந்தே எனக்குக் காது கேட்காது. அது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஆறு வருடம் தெரியவில்லை. இதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் வியக்கிறார்கள். தறி வீட்டைப் பார்த்தவர்களுக்குப் புரியும். தரையில் குழி வெட்டிப் பதித்த இரண்டு தறிகள் ஓடும் கூடத்தில் பெரியவர்களே ஒருவரை ஒருவர் கூப்பிடுவதில்லை. தோளைத் தொடுவார்கள், கை காட்டுவார்கள். நான் தறிக்குப் பக்கத்தில் பாயில் கிடந்தேன். அறுந்த இழையை முடிச்சிடுவதற்காக அப்பா தறியை நிறுத்தினால் உடனே திரும்பிப் பார்ப்பேன். மறுபடி ஓட்டினால் மறுபடியும் பார்ப்பேன். குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள்.

மூன்று வயதாகியும் நான் பேசவில்லை. நாக்கில் தேன் தடவினார்கள், கோயில்களில் வேண்டிக்கொண்டார்கள். அப்போது சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸ் அம்மா பதிவேட்டோடு வந்து, பிள்ளைக்குக் காதைச் சோதித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. நர்ஸ் அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, தறியில் இறங்கி நாலு முறை ஓட்டி நிறுத்தினார். நான் திரும்பினேன்.

"பாத்தீங்களாமா? தறி நின்னா திரும்பிப் பாக்குது. காது கேக்காத கொயந்த திரும்புமா? எங்க வூட்ல எல்லாரும் லேட்டாதான் பேசுவோம்" என்றாராம்.

நர்ஸ் அம்மா பதிவேட்டில், கேட்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அவருக்கும் சந்தேகம் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்குத் தரை அதிர்வது தெரிய நியாயமில்லை.

முதல் வகுப்பில் சேர்த்த இரண்டாவது வாரம் ஆசிரியை கண்டுபிடித்துவிட்டார். பள்ளிக்கூடத் தரை அதிரவில்லை. சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் சோதித்தார்கள். உள்காதில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சையை அரசுத் திட்டத்திலேயே இலவசமாகச் செய்கிறார்கள் என்றும், ஆனால் ஆறு வயதுக்குள் வர வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். எனக்கு ஆறு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அங்கே நடந்த பேச்சை நான் படிக்கக் கற்ற பிறகு அம்மா எழுதிக் காட்டினார்.

"ரெண்டு மாசம்தாங்க ஜாஸ்தி. கொஞ்சம் பாத்து எதனா பண்ணுங்க" என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்.

"ரெண்டு மாசம் இல்லீங்க. குழந்தை சத்தமே கேக்காம ஆறு வருஷம் போயிடுச்சு. இனிமே கருவி வெச்சாலும் பேச்சு வர்றது கஷ்டம்" என்றாராம் டாக்டர்.

ஊர் திரும்பும் பேருந்தில் இடம் காலியாக இருந்தும் அப்பா உட்காரவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாமாவைத் தறியில் உட்காரச் சொன்னார். ஓட்டு என்றார், நிறுத்து என்றார். நான் கிடந்த இடத்தில் தாம் போய்ப் படுத்துக்கொண்டார். இரண்டு காதையும் கையால் அடைத்துக்கொண்டு கன்னத்தைத் தரையில் வைத்துக் கிடந்தார். அந்தக் காட்சி எனக்கு நினைவிருக்கிறது. ஏதோ விளையாட்டு என்று நினைத்து நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டு சிரித்தேன்.

அதன் பிறகு அப்பா சட்டம் படித்தார். ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு, விரலை ஓட்டி எழுத்துக் கூட்டிப் படித்தார். பள்ளியில் என்னைக் காது கேளாதோர் பள்ளிக்கு மாற்றச் சொன்னபோது, கலெக்டர் அலுவலகத்தில் யாரோ கொடுத்த ஒரு சட்ட நகலைத் தலைமை ஆசிரியர் மேசையில் வைத்தார். எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற வரிக்குச் சிவப்பில் கோடு போட்டிருந்தார். தலைமை ஆசிரியர் நல்லவர். இங்கேயே வைத்துக்கொள்கிறேன், ஆனால் இவளுக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் ஆள் எங்கே என்று கேட்டார். வைத்துக்கொண்டார்கள். வாரத்தில் ஒரு நாள் சிறப்பாசிரியர் வருவார்; அவருக்கு இன்னும் பத்துப் பள்ளிகள் இருந்தன. மற்ற நாட்களில் ஆசிரியையின் முதுகையும் கரும்பலகையையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காது கேட்கும் கருவி முகாமில் கிடைத்தது. முகாமில் காதின் அளவெடுப்பார்கள், கருவி வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். அதற்குள் என் காது வளர்ந்திருக்கும். காதுக்குள் செருகும் அச்சு பொருந்தாமல் கருவி விசிலடிக்கும். கொடுமை என்னவென்றால் அந்த விசில் எனக்கு மட்டும் கேட்காது. வகுப்பே திரும்பிப் பார்க்கும், ஆசிரியை கழற்றிப் பையில் வைக்கச் சொல்வார். சட்டப்படி கிடைத்த கருவி பாதி வருடம் பையில்தான் இருந்தது. வீட்டில் அது வியர்வை ஈரத்தில் கெடாமல் இருக்க அப்பா அரிசிப் பானைக்குள் வைப்பார். ஒருமுறை அம்மா கவனிக்காமல் அரிசியோடு அளந்து உலைக்கு எடுத்துப் போய்விட்டார். அப்பா வந்து பிடுங்கினார். எங்கள் வீட்டில் கருவியை வைத்துச் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது மாற்றுத்திறனாளிகளுக்கான புதிய சட்டம் வந்தது. அதிலிருந்து அப்பாவின் திங்கட்கிழமைகள் தறியில் இல்லை, கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டத்தில்தான். வருடா வருடம் புது அச்சு வேண்டும், தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும், கரும்பலகை தெரியும் இடத்தில் இருக்கை வேண்டும் என்று மனு மேல் மனு. பலவும் கிடைத்தன. சட்டம் இல்லாவிட்டால் நான் ஒன்றாம் வகுப்போடு வீட்டில் உட்கார்ந்திருப்பேன். ஆனால் கேட்டுக் கேட்டு வாங்கியது மட்டும்தான் வந்தது. அதுவும் ஒரு வகுப்புத் தாமதமாகத்தான் வந்தது. கேட்பதற்கு ஓர் அப்பா இல்லாத குழந்தைக்கு அந்தச் சட்டத்தில் என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியாது.

இந்த மனுக்களையெல்லாம் பார்த்து, பெண் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு அலைச்சல் என்று சொன்னவர்கள் இம்மலரைப் படிப்பவர்களிலும் உண்டு. பெயரைப் போட வேண்டாம் என்று அம்மா கேட்டுக்கொண்டார்.

பதினைந்து வயதில் எனக்குக் கோபம் வந்தது. காது கேளாத தோழிகளிடம் முறையான சைகை மொழியைக் கற்றுக்கொண்ட பிறகுதான், நான் இழந்தது எவ்வளவு என்று தெரிந்தது. வீட்டில் எங்களுக்குள் ஐம்பது அறுபது சைகைகளே இருந்தன. சாப்பாடு, பஸ், மழை, ஊசி. மனசில் இருப்பதைச் சொல்ல ஒன்றுகூட இல்லை. ஒரு நாள் தாளில் எழுதி அப்பாவிடம் நீட்டினேன்: "அன்னைக்கு அந்த நர்ஸ்கிட்ட நீங்க சும்மா இருந்திருந்தா நான் பேசியிருப்பேன்."

அப்பா விரலை ஓட்டிப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தறிக்குப் போனார். என் கோபம் இரண்டு மூன்று வருடங்களில் தீர்ந்துவிட்டது. தீர்ந்துவிட்டது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. ஒரு வரிதான், எழுதியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று விட்டேன். என் வாழ்க்கையில் நான் வருந்துவது காதுக்காக அல்ல, இதற்காகத்தான்.

நான் அந்தத் தாளை நீட்டிய வருடத்திலிருந்து அப்பா, பிள்ளை பிறந்த தறி வீடுகளுக்கெல்லாம் கூப்பிடாமலே போக ஆரம்பித்தார். முதலில் தறியை நிறுத்தச் சொல்வார். குழந்தையைத் தரையிலிருந்து தூக்கி மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வார். பிறகு பின்னால் நின்று தட்டைத் தட்டுவார். பேர் வைக்கும் வீட்டில் வந்து இப்படிச் செய்கிறாரே என்று முகம் சுளித்தார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் குழந்தை திரும்பவில்லை. அந்தக் குழந்தையை அப்பாவே சென்னைக்கு அழைத்துப் போனார். ஒன்றரை வயதில் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று வருடம் கழித்து அந்தப் பிள்ளை எங்கள் வாசலில் நின்று தன் அப்பாவை, "அப்பா, வாப்பா போலாம்" என்று கூப்பிட்டிருக்கிறது. எனக்கு அது கேட்கவில்லை. என் அப்பா உள்ளே வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்ததை மட்டும் பார்த்தேன். அன்று தேநீரும் வேண்டாம் என்றுவிட்டார்.

சென்ற ஆனியில் பக்கவாதம் வந்து விழுந்தார். பேச்சு போய்விட்டது, இடது கை மட்டும் அசைந்தது. இனி அவரும் கையால்தான் பேச வேண்டும். அந்தக் கைப்பேச்சை முழுதாகப் புரிந்துகொள்ளக் கூடியவள் நான் ஒருத்திதான். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவரை மட்டும் துணைக்கு விடுவோம் என்றார்கள். அம்மாவால் மாடி ஏற முடியாது. நான் போனேன். வாசலில் இருந்த பெண், என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பித் தந்தார். கூப்பிட்டால் காது கேட்கிற ஆளாக அனுப்புங்கள் என்று எழுதிக் காட்டினார். சட்டத்தில் இருக்கும் என் உரிமைகளை வரிசையாக எழுத எனக்குத் தெரியும். அன்று எழுதாமல் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு நகர்ந்தேன். மாமா உள்ளே போனார். நான் கதவுக்கு வெளியே மூன்று நாள் நின்றேன். மூன்றாம் நாள் மதியம் அப்பா போய்விட்டார்.

கருமாதி முடிந்த அன்று மாமா என் நோட்டை வாங்கி எழுதினார்: "உங்கப்பா உன்னத்தான் கேட்டுக்கினே இருந்தாரு. கதவ கதவக் கை காட்டினாரு. நீ வெளிய நிக்கறன்னு சொன்னா எழுந்துருக்கப் பாப்பாரு, உயிருக்கு ஆபத்துன்னு பயந்துட்டேன். அவ வூட்டுக்குப் போயிட்டா மச்சான்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் கேக்கல. என்ன மன்னிச்சிடும்மா." மாமாவின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மூன்று நாளும் சோறு தண்ணீர் இல்லாமல் அப்பாவைப் பார்த்துக்கொண்டவர் அவர்.

முதல் வகுப்பில் என் காதைக் கண்டுபிடித்த ஆசிரியைக்கும், வாரம் தவறாமல் வந்த சிறப்பாசிரியருக்கும், அப்பாவின் மனுக்களைத் திருத்தி எழுதித் தந்த நண்பர்களுக்கும், இறுதிச் சடங்கில் உடன் நின்ற தெருவாருக்கும், இம்மலரைக் காகித விலைக்கே அச்சிட்டுத் தந்த எங்கள் அச்சக முதலாளிக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்பி நன்றி சொல்கிறேன். தறி வீடுகளில் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இன்றே தறியை நிறுத்திவிட்டுத் தட்டிப் பாருங்கள்.

இனி எழுதுவது உங்களுக்கு அல்ல.

அப்பா, நான் வீட்டுக்குப் போகவில்லை. வெளியில்தான் நின்றுகொண்டிருந்தேன்.