அறுபது பந்துகள்

எண்பதுகளின் நடுவில் சுவிஸின் பீல் நகரத்துப் பேஸ்போல் குழு ஒன்றில் எனக்கு ஒரு வேலை இருந்தது. சம்பளம் கிடையாது; சம்பளத்துக்கு உணவகமொன்றில் கோப்பை கழுவினேன். ஞாயிறுகளில் மைதானத்தின் ஓரம், கம்பிவேலிக்குப் பின்னால் குந்தியிருந்து, மாற்று எறிவாளர்களின் பந்தைப் பிடித்து, அவர்களின் கையைச் சூடாக்கி உள்ளே அனுப்புவது என் பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் விக்கெட் காப்பாளனாக இருந்தவன் என்று தெரிந்ததும் தலைமைப் பயிற்சியாளர் என்னை அங்கே இருத்திவிட்டார். அவர் அமெரிக்கர், அளந்து பேசுபவர்.

நானும் ஒருவனைக் குழுவுக்குக் கூட்டிவந்தேன். என் ஊர்க்காரன், என்னைவிட இரண்டு வயது குறைவு. ஊரில் கிரிக்கெட் ஆடும்போது அவன் பந்தை வீசவில்லை, எறிகிறான் என்று நோபோல் கொடுத்துக் கொடுத்தே நடுவர்கள் அவனை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இங்கே எறிவதுதான் விளையாட்டு. ஆனாலும் இரண்டு வருடமாக வேலிக்குப் பின்னால் என்னோடுதான் நின்றான். ஒருமுறைகூட உள்ளே இறங்கியதில்லை.

மணிக்கூட்டுத் தொழிற்சாலையொன்றில் அவனை மூன்று மாதம் சோதனைக்கு வைத்துப் பார்த்தார்கள். அந்த மூன்று மாதம் ஒரு திங்கட்கிழமையோடு முடிந்தது. அன்று அவன் மேற்பார்வையாளர் முன்னால், கண்ணுக்கே தெரியாத திருகாணிகளைச் சாமணத்தால் பிடித்துப் பொருத்திக் காட்டவேண்டும். காட்டினால்தான் வேலை நிரந்தரம்.

அதற்கு முதல் நாள்தான் வருடத்தின் கடைசி ஆட்டம். ஐந்தாவது இன்னிங்ஸில் பயிற்சியாளர் தூரத்து வாங்கிலிருந்து கை காட்டினார், அவனை ஆயத்தப்படுத்து என்று. எங்கள் இருவருக்கும் தலைகால் புரியவில்லை.

எங்களுக்குத் தெரிந்த ஆயத்தம் ஊர் ஆயத்தம்தான். வியர்த்து ஊற்றும்வரை போடு, போடப் போடக் கை பழகும். இருபத்தைந்து பந்தோடு நிறுத்து என்று பயிற்சியாளர் சொல்லித்தான் இருந்தார். சொகுசுக் கைகளுக்கு அது சரி என்று நான் மனதுக்குள் சிரித்திருந்தேன். "இன்னும் ஒண்டு போடு" என்றேன். போட்டான். திரும்பவும் கேட்டேன். கையுறையில் பந்து அறையும் சத்தம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. அறுபது பந்து போயிருக்கும். அடுத்தது என் முன்னால் நிலத்தில் குத்தி உருண்டது.

அவன் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கினான். கை நடுங்கியது. மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொண்டான்.

"நோகுதோ?" என்றேன்.

"இல்லை அண்ணை. கொஞ்சம் விறைப்பு."

"பொய் சொல்லாத. நாளைக்கு உனக்கு வேலை இருக்கு."

"ஓம், தெரியும். நீங்கள் ஆயத்தமெண்டு காட்டுங்கோ. ஒருக்கா இறங்கிப்போட்டு வாறன்."

பயிற்சியாளர் தொப்பியைத் தூக்கினார். ஆயத்தமா என்று கேட்கிறார். கையுறையை உயர்த்தினால் ஆயத்தம், நிலத்தில் வைத்தால் இல்லை. உயர்த்தினால் அவன் கை மிச்சமில்லை. வைத்தால், இவ்வளவு நேரம் என்ன செய்தாய் என்று எல்லோரும் என்னைக் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால், நான் முதலில் பயந்தது என் மானத்துக்குத்தான். தொப்பி இரண்டாம் முறை உயர்ந்தது. கையுறையை நிலத்தில் வைத்தேன்.

களைத்துப்போன எறிவாளரே தொடர்ந்து எறிந்தார். தோற்றோம். பயிற்சியாளர் வேலிக்கு வந்து எத்தனை பந்து என்று கேட்டார். சொன்னேன். அவர் திட்டவில்லை. அவனுடைய முழங்கையை அமத்திப் பார்த்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

திங்கள் மாலை தொழிற்சாலை வாசலில் சைக்கிளோடு காத்து நின்றேன். அவன் தனியாக வந்தான். மதியம்வரை ஒரு திருகாணிகூடச் சாமணத்தில் நிற்கவில்லையாம். நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"கை எப்பிடியும் போயிட்டுது அண்ணை," என்றான். "நேற்று என்னை இறங்கவாவது விட்டிருக்கலாம்."

அதன் பிறகும் பல வருடம் அந்த வேலிக்குப் பின்னால் இருந்தேன். யார் எறிந்தாலும் வாய்விட்டு எண்ணுவேன். இருபத்தைந்தாவது பந்தை என் காற்சட்டைப் பைக்குள் போட்டுவிடுவேன். எறிவாளர்கள் முறைப்பார்கள், கெஞ்சுவார்கள். அவன் மட்டும் பிறகு மைதானத்துப் பக்கம் வரவேயில்லை.