அம்மாவுக்கு முன்பே கீழ்வீட்டுக்குத் தெரிந்த சம்மதம்

டாக்குரியாவில் எங்கள் அடுக்ககம் முழுவதற்கும் ஒரே இணைய இணைப்பு. என்னைப் பெண் பார்த்துச் சென்றவருக்குச் சம்மதம் தெரிவித்து மின்னஞ்சல் அனுப்பினேன். அம்மாவிடம் சொல்வதற்குள், அந்த இணைப்பைக் கவனித்துக்கொள்ளும் கீழ்வீட்டுத் தபன்தா, சந்தேஷ் இனிப்புப் பெட்டியுடன் வந்து வாழ்த்தினார்.

"எதுக்குடி ஸ்வீட்?" என்றார் அம்மா.

இணைப்பைச் சோதித்தபோது என் சம்மதக் கடிதமும் கடவுச்சொல்லும் அப்படியே திரையில் தெரிந்ததாகத் தபன்தா சங்கடத்துடன் சொன்னார். பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் என்கிரிப்ஷன் வசதியை, மின்னஞ்சல் பெறுவதற்கு மட்டும் டிக் செய்திருந்தேன். அனுப்புவதற்குச் செய்ய மறந்துவிட்டேன்.

"நீயெல்லாம் இன்ஜினியராம்! பெத்தவளுக்கு முன்னாடி ஊருக்கே சொல்லிட்டியேடி!" அம்மா சிரித்துக்கொண்டே என் வாயில் சந்தேஷைத் திணித்தார்.

அன்றே கடவுச்சொல்லை மாற்றினேன். இப்போது இரண்டு இடங்களிலும் டிக் இருப்பதைப் பார்த்த பிறகே மின்னஞ்சல் அனுப்புகிறேன். நல்ல செய்தி என்றால், அதற்கும் முன்னால் அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன்.