பிடிக்க ஆளில்லாத பந்து

தருமபுரியில் ஹைஸ்கூல் படித்த மூன்று வருஷமும் நான் ஒரு தானிய மண்டியின் பின்னறையில் தனியாகத்தான் இருந்தேன். எங்கள் ஊர் பென்னாகரத்துக்கு அப்பால். அம்மா இல்லை. அப்பா மாதம் ஒரு முறை வந்து கேழ்வரகு மாவையும் பயறையும் வைத்துவிட்டு, "பரீட்சை எப்போ?" என்று கேட்பார். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் கிளம்பிவிடுவார். யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ் எந்த மேட்டில் நின்றுபோகும் என்று சொல்ல முடியாது. அவர் அவசரத்தில் தப்பில்லை. ஆனால் அவர் போன பிறகு, சொல்லாமல் விட்ட மிச்சப் பதிலைக் களி கிண்டிக்கொண்டே அடுப்பிடம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஐந்தாம் பாரத்தில், அதாவது பத்தாம் வகுப்பில், ஆள் குறைந்ததால் என்னைக் கிரிக்கெட் அணியில் சேர்த்தார்கள். எனக்கு மட்டை பிடிக்கவும் வராது, பந்து போடவும் வராது. மைதானத்தின் மேற்குக் கோடியில், எல்லைக் கோட்டருகே நிறுத்திவிட்டார்கள். அங்கே மற்றவர்கள் பேசுவது கேட்காது, சிரிப்பது மட்டும் கேட்கும். நான் எறியும் பந்து பாதி தூரத்திலேயே தரையில் விழுந்து உருண்டு போய்ச் சேரும். அதற்குள் எதிராளிகள் இன்னொரு ரன் ஓடிவிடுவார்கள். காட்டிலாகா ரேஞ்சரின் மகன்தான் எங்கள் தலைவன், விக்கெட் கீப்பரும் அவனே. ஒரு நாளும் என்னைத் திட்டியதில்லை. "சரி, விடு" என்பான். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

தையல் பிரிந்த பழைய பந்து ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பள்ளி விட்டதும் ஏரிக்கரைக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு பாறை. அதில் கரியால் வட்டம் போட்டு, முப்பது தப்படி தள்ளி நின்று எறிவேன். பாறையில் பட்டுத் திரும்பும் பந்து எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கல் வைப்பேன். வேகம் கூடினால் கல் என் பக்கம் நகர்ந்து வர வேண்டும். பத்து நாளாகியும் அது நகரவில்லை. பலம் போதவில்லை என்று நினைத்து இன்னும் முறுக்கி எறிந்தேன். தோள்பட்டை வீங்கிவிட்டது. ஒரு வாரம் இடது கையால் களி கிண்டினேன்.

அந்த வாரமும் அறையில் இருக்கப் பிடிக்காமல் ஏரிக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அங்கே துணி துவைப்பவனைச் சரியாகப் பார்த்தேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவனாக இருப்பான். ஒரு பெரிய மூட்டையை அடித்து முடித்தும் அவன் சோர்ந்த மாதிரி தெரியவில்லை.

"உனக்குக் கை வலிக்காதா?" என்று கேட்டேன்.

"கையில அடிச்சாத்தானுங்களே வலிக்கும்."

"பின்ன எதுல அடிக்கிறே?"

ஈர வேட்டியைத் தூக்கி, மெதுவாக ஒரு முறை கல்லில் அடித்துப் பார்த்தான். "மொதல்ல காலுங்க. அப்புறம் இடுப்பு திரும்புது. கை கடைசியாத்தான் வருது. நீங்க பாறைக்கு நேரா நெஞ்சக் காட்டிக்கிட்டு எறியறீங்க. நானும் தெனமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே."

மூத்தவன் எனக்கு 'ங்க' போட்டான், நான் அவனை நீ என்றேன். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

தோள் ஆறியதும் இடது தோளைப் பாறைக்குக் காட்டி, பக்கவாட்டில் நின்று எறிந்தேன். முதலில் நிலைமை இன்னும் மோசமானது. பந்து பாறையையே தப்பி ஏரியில் விழுந்தது. இடது காலை எட்டி ஊன்றிய பிறகே இடுப்பைத் திருப்ப வேண்டும் என்பது பிடிபட ஒரு வாரம் ஆயிற்று. முழங்கை தோளுக்குக் கீழே இறங்கும்போதுதான் வலிக்கிறது என்பதையும் கண்டுகொண்டேன். எறிந்த கையைச் சட்டென்று நிறுத்தாமல் இடது முழங்கால் வரை போகவிட்டேன். ஒரு மாதத்தில் கல் பத்துத் தப்படி என் பக்கம் வந்துவிட்டது. அதைச் சொல்ல ஆள் தேடினேன். துவைப்பவன் அன்று வரவில்லை. மண்டியில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவரிடம் போய்ச் சொன்னேன். "நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தார்.

எங்கள் அணியில் யாருக்கும் இது தெரியுமுன்பே சேலத்திலிருந்து ஒரு பள்ளி அணி ஆட வந்தது. நான் எறிந்தால் பந்து உருண்டுதான் போகும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். என் பக்கம் அடித்துவிட்டு இரண்டாவது ரன்னுக்குச் சாவகாசமாகத் திரும்பினார்கள். நான் காலை ஊன்றி எறிந்தேன். பந்து தரையைத் தொடவே இல்லை. உருண்டு வரும் என்று குனிந்து காத்திருந்த தலைவன் நிமிர்வதற்குள் அவன் விரல் நுனியில் போய் அடித்தது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எல்லாரும் அவனிடம் ஓடினார்கள். நானும் ஓடி, பாதி வழியில் நின்றுவிட்டேன்.

ஆட்டத்தில் தோற்றோம். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு பயிற்சியில் நான் எறிந்தால் விலகிக்கொண்டார்கள். பந்து அவர்களைத் தாண்டி எங்கேயோ போகும், நானே ஓடிப் போய் எடுத்து வருவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சர் மகன் என் அறைக்கு வந்தான். இரண்டு விரலைச் சேர்த்து மரத்தகடு வைத்துக் கட்டியிருந்தது. சண்டைக்கு வந்திருக்கிறான் என்றே நினைத்தேன்.

"எப்படி எறிஞ்சே? காட்டு" என்றான்.

சாப்பிடும் நேரம் என்பதால் அவனுக்கும் களி வைத்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன், களியைச் சோறு மாதிரி மென்றான். பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டது. "மெல்லாதே, அப்படியே முழுங்கணும்" என்றேன். இருவரும் சிரித்தோம். ஏரிக்குப் போய் எறிந்து காட்டினேன். அவன் இடது கையால் பந்தைப் பொறுக்கிப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிமிந்து நின்னிருப்பேனே" என்றான்.

"சொல்லணும்னு தோணல."

"ஏன்?"

நான் பந்தை வாங்கி மறுபடி எறிந்தேன். அவன் அதைப் பொறுக்கப் போனான்.

நாலு ஞாயிறு வந்தான். பிறகு அவன் அப்பாவுக்கு மாற்றலாகி, குடும்பத்தோடு போய்விட்டார்கள். ஆறாம் பாரத்தில், முழங்கையை மடக்காமல் பந்து போடவும் பழகிக்கொண்டு, நான்தான் பள்ளிக்கு வேகப்பந்து போட்டேன். புதிய கீப்பர் வெகுதூரம் பின்னால் தள்ளி நிற்பான். நிறைய விக்கெட் விழுந்தது, கை தட்டினார்கள். ஆட்டம் முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

அந்த வருஷம் ரேஞ்சர் மகனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. விரல் கொஞ்சம் கோணலாகச் சேர்ந்துவிட்டது, ஆனாலும் எழுத முடிகிறது என்று எழுதியிருந்தான். நானும் கார்டு வாங்கி இரண்டு நாள் வைத்திருந்தேன். எழுத வேண்டியது எவ்வளவோ இருந்தது. கடைசியில், எத்தனை விக்கெட் எடுத்தேன் என்பதை மட்டும் எழுதித் தபாலில் போட்டேன். பதில் வரவில்லை.