ரிஸ்னாவின் கலியாணத்தில் ரீவி பேசியது

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்துகொண்டுதான் சொல்லத் தொடங்குகிறேன். ஜின் இருக்கிறது என்று மார்க்கம் சொல்கிறது, அதை நான் மறுக்கிற ஆள் இல்லை, ஆனால் யாராவது வந்து எங்கள் வீட்டு லைட் தானாக எரிந்தது, ஃபேன் தானாகச் சுற்றியது என்றால் ஜின்னை விடுங்கள், முதலில் வயரைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். கல்முனையில் ஒரு பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் படிப்பிக்கிறேன். எதற்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று வகுப்பில் சொல்லிச் சொல்லியே பழகின வாய் இது. அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது, அதுவும் பட்டப்பகலில், சாய்ந்தமருதில், வீடு நிறையச் சனம் இருக்கும்போது.

என் சாச்சாவின், அதாவது வாப்பாவின் தம்பியின், மகள் ரிஸ்னாவுக்குக் கலியாணம். சாச்சா கட்டாரில் லொறி ஓட்டுகிறார். மகளின் கலியாணத்துக்கு வருவதற்காக லீவு எடுத்து, பெட்டியும் கட்டி வைத்திருந்தவருக்குக் கடைசி நேரத்தில் கம்பனி லீவை மறுத்துவிட்டது. நிக்காஹ்வை நிறுத்தவேண்டிய தேவை இல்லை, பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தன்னுடைய பொறுப்பை என் வாப்பாவிடம் ஒப்படைத்துவிட்டார். ஆனால் மகளோடு நாலு வார்த்தை கதைத்து, துஆ ஓதி, அதற்குப் பிறகுதான் காரியம் நடக்கவேண்டும் என்று ஒரேயொரு ஆசை சொன்னார். அதை நடத்திவைக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. பெண்கள் இருக்கிற கூடத்தில் பெரிய ரீவி ஒன்றை வைத்து, என் லெப்டொப்பை எச்டிஎம்ஐ வயரால் அதில் குத்தி, சாச்சாவை எல்லோருக்கும் காட்டுவதென்று ஏற்பாடு. சாச்சி வீட்டு ரீவி சின்னது என்பதால் பக்கத்து வீட்டிலிருந்து பெரியதொன்றை வாங்கிவந்தோம். வீட்டுக்காரி ஊரில் இல்லை, அவளுடைய தங்கச்சிதான் தூக்கித் தந்தாள்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் ஆரம்பித்தோம். படம் என்ன அழகாக வந்தது தெரியுமா! சாச்சா புதுச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, கண்ணில் சுருமா கூடப் போட்டுக்கொண்டு முழு ரீவியையும் நிறைத்து உட்கார்ந்திருந்தார். பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஸலாம் சொன்னார்கள். அவர் பதில் சொன்னார், வாய் அசைந்தது, சத்தம் இல்லை. நாங்கள் சொல்வது அவருக்குக் கேட்கிறது, அவர் சொல்வது எங்களுக்குக் கேட்கவில்லை.

இது எனக்குப் பெரிய விசயமே இல்லை. படம் வந்து சத்தம் வராவிட்டால் லெப்டொப் சத்தத்தை வேறு எங்கோ அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஸ்பீக்கர் அடையாளத்தை அமத்தி, எங்கே அனுப்புவதென்ற இடத்தில் ரீவியின் பெயரைத் தெரிவு செய்தேன். வரவில்லை. ரீவியின் சத்தத்தை முழுதாகக் கூட்டினேன். வரவில்லை. வயரைக் கழற்றி அடுத்த ஓட்டையில் குத்தினேன், வேறு வயர் மாற்றினேன், லெப்டொப்பை நிறுத்திப் போட்டேன், சவுண்ட் டிரைவரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். ஒன்றும் இல்லை. எரிச்சல் என்னவென்றால், சாச்சா வாய் திறக்கும்போதெல்லாம் லெப்டொப்பில் சத்தம் போவதைக் காட்டுகிற பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சத்தம் ரீவிக்குள் போகிறது, வெளியே வரவில்லை. லெப்டொப்பின் சொந்த ஸ்பீக்கரில் போடலாமே என்பீர்கள். அது போன வருசமே செத்துப்போனது, இயர்போன் குத்துகிற ஓட்டையும் அதோடு போனது. போனில் எடுத்தும் பார்த்தோம். அந்தச் சனத்தின் இரைச்சலில் "ஹலோ ஹலோ" என்பதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை, பிறகு அறுந்தது, திரும்ப எடுபடவே இல்லை.

வெளியே பந்தலில் மாப்பிள்ளை காத்துக்கொண்டிருந்தார். வரிப்பத்தான்சேனையிலிருந்து வான் பிடித்து வந்த அவருடைய ஆட்கள், பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்வதற்கு முன்னே முடிந்துவிடுமா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். என் வாப்பாவும் மௌலவியும் கூடத்து வாசலுக்கு வந்து, பெண்ணின் சம்மதத்தைக் கேட்கலாமா என்றார்கள். ரிஸ்னா தலையை நிமிர்த்தவே இல்லை. அக்கா முறையான என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"ராத்தா, வாப்பாட சத்தம் கேக்காம நான் ஓம் எண்டு சொல்ல மாட்டன்."

கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். சாச்சி என்னைப் பார்க்கிறா, மாமிமார் என்னைப் பார்க்கிறார்கள், ரீவியிலிருந்து சாச்சாவும் என்னைத்தான் பார்க்கிறார். படித்ததெல்லாம் முடிந்துவிட்டது. நான் லெப்டொப்பை மேசையில் வைத்துவிட்டுப் போய் ரிஸ்னாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னால் ஏலாது புள்ள என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ரிஸ்னா."

நம்பினால் நம்புங்கள், சாச்சாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. ரீவியில் வழக்கமாக வருகிற அந்தத் தகரச் சத்தம் இல்லை, வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்று கூப்பிட்ட மாதிரி. பெண்களில் யாரோ ஒருத்தி குரவை போட்டாள், அதைக் கேட்டு மற்றவர்களும் போட, கூடமே அதிர்ந்தது. சாச்சா சிரித்துக்கொண்டு, அழுதால் கண்மை கரைந்து மாப்பிள்ளை பயந்து வரிப்பத்தான்சேனைக்கே திரும்ப ஓடிவிடுவார் என்றார். தன் அண்ணனான என் வாப்பாவைக் கூப்பிட்டு, "காக்கா, எதுக்கும் அவர்ர செருப்ப ஒளிச்சி வெச்சிருங்க" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம், சாச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பும் அழுகையுமாக இருந்தா. பிறகு அவர் துஆ ஓதினார், நாங்கள் ஆமீன் சொன்னோம். ரிஸ்னா தலையை நிமிர்த்தி எல்லோருக்கும் கேட்கும்படி "ஓம்" என்றாள்.

மஃரிபுக்கு முன்பே எல்லாம் முடிந்தது. அன்றைக்குச் சாப்பிட்ட புரியாணியையும் வட்டிலப்பத்தையும் போல நான் அதற்குப் பிறகு சாப்பிட்டதில்லை. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நானும் ஏதோ டிரைவர் கொஞ்சம் சுணங்கி வேலை செய்திருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டு பெருமையாகத்தான் இருந்தேன்.

மறுநாள் ரீவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஊரிலிருந்து வந்திருந்த வீட்டுக்காரி, எதில் சத்தம் கேட்டீர்கள் என்று விசாரித்தாள். ரீவியில்தான் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"அதுல சத்தம் வராதே. ஸ்பீக்கர் வெடிச்சி, கழட்டி எறிஞ்சாச்சி. நாங்க தனிப் பெட்டியொண்டு குத்தித்தான் கேக்கிற."

நான் விடவில்லை, அவளுடைய புருசனைக் கொண்டு பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வெறும் குழி. வயர்களின் நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது, டேப்புக்கு மேல் தூசு.

அப்போதும் நான் பயப்படவில்லை. சாச்சா உண்மையில் கதைத்தார், நாங்கள் கேட்டோம், எப்படி வந்ததோ நல்லதுக்குத்தானே வந்தது என்று சந்தோசமாகவே இருந்தேன். இப்போதும் அந்த நாளை நினைத்தால் முதலில் சிரிப்புத்தான் வரும். ஆனால் என் மச்சி, மாமி மகள், அன்றைக்குப் போனில் எடுத்த வீடியோவைக் கொஞ்ச நாள் கழித்து அனுப்பினாள்.

அதில் சாச்சாவின் குரல் இல்லை. மற்ற எல்லாம் இருக்கிறது, காகம் கத்துவது, யாரோ கரண்டியைக் கீழே போடுவது, குரவை, எல்லாம். ரீவியில் அவருடைய வாய் அசைகிறது, சத்தம் இல்லை, நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரிக்கிறோம். திரும்ப அமைதி, திரும்பச் சிரிப்பு. துஆ இல்லாமல் ஆமீன்.

துஆவுக்குப் பிறகு ஓரிடத்தில் சாச்சா குனிந்து துவாயால் முகத்தைத் துடைக்கிறார், வாய் மூடியிருக்கிறது. அந்த நேரத்தில் ரிஸ்னா, "ஓம் வாப்பா, திண்டுட்டன்" என்கிறாள்.

சாப்பிட்டாயா என்று அவர் கேட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. மச்சிக்கும் இல்லை, சாச்சிக்கும் இல்லை. ரிஸ்னாவிடம் கேட்டால், வாப்பா கேட்டாரே ராத்தா, உங்களுக்குக் கேட்கவில்லையா என்கிறாள். கடைசியில் சாச்சாவுக்கே போன் எடுத்தேன்.

"கேக்கோணும் எண்டு நினைச்சன் மகள். அழுக வந்திட்டு. கேக்கல்ல."

அன்றைக்குத்தான் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ரிஸ்னாவுக்குப் பக்கத்தில் நான் இருக்கிறேன். சாச்சா துவாயில் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறார். ரிஸ்னா இன்னும் வாய் திறக்கவில்லை. நான் ரீவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, ஓம் சாச்சா, பிள்ளை சாப்பிட்டுவிட்டது என்பது போலத் தலையாட்டுகிறேன்.