பாலத்தில் எழுந்து நின்றவள்

"உங்கட ஊரில பாக்கிறதுக்கு என்ன கிடக்கு?" என்று அண்ணை கேட்டபோது என் வாய்க்குள் அரைவாசி றோல்ஸ் இருந்தது. இல்லாவிட்டால் அப்போதே நன்றாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. கனடாவில், மொன்றியல் செயின்ட்-மிஷேலில் அண்ணையின் வீடு, அம்மாவும் அவரோடுதான். நான் அயர்லாந்தில், எல்லையோரக் கிராமம் ஒன்றின் முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். இரண்டு கிழமை விடுமுறையில் வந்த என்னைத் திரும்ப விடுவதில்லை என்று வீட்டில் முடிவு. டோர்வல் விமான நிலையச் சமையற்கூடத்தில் வேலைகூடச் சொல்லி வைத்தாயிற்று. என்னைத்தான் ஒருவரும் கேட்கவில்லை.

வந்தவர்களையெல்லாம் நயாகராவுக்குக் கொண்டுபோய் நனைத்து எடுப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். நானும் நனைந்தேன். அதற்காக என் ஊரைப் பழிக்க விடலாமா? படங்களை மேசையில் பரப்பினேன். கூரையில்லாத பழைய கோட்டை. படகுகள் போகும் கால்வாய். போன வருடம் மாடு மேய்ந்த வயலில் இப்போது புது வீடுகள். சின்னதாய் ஒரு கல் பாலம்.

"எத்தினை தமிழ்ச் சனம்?"

"நான் ஒராள்."

"பாலத்தைப் பாக்கவோ ஆக்கள் வருகினம்?" அண்ணை சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஓம், வருகினம். நீங்களும் கேளுங்கோ" என்று சொல்லத் தொடங்கினேன்.

அந்தப் பாலத்தின் நடுவில்தான் எல்லை. அக்கரை வட அயர்லாந்து, வேறு நாடு. முன்பு அங்கே இராணுவச் சோதனைச் சாவடி இருந்ததாம். நான் போனபோது அந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டியிருந்தார்கள். சாவடியை எடுத்துவிட்டது எனக்கு முதலில் தெரியாது. முதல் நாள் வேலைக்குப் போகையில், அக்கரையால் சுற்றிப் போகும் பேருந்து எல்லையை நெருங்கியதும் பையைத் தூக்கிக்கொண்டு கதவடியில் போய் நின்றேன். இறங்கி, வரிசையில் நடந்து, சோதனை முடித்து, அந்தப் பக்கம் போய் ஏறுவதுதானே இலங்கையில் நாங்கள் கண்ட பயணம். "இங்கே தரிப்பிடம் இல்லையே" என்றார் சாரதி. அடையாள அட்டையும் கையுமாக நின்ற என்னோடு பேருந்து பாலத்தைக் கடந்துவிட்டது. முதலில் வெட்கப்பட்டேன். பிறகு அழுதேன். இந்த ஊரை விட்டு அசைவதில்லை என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

அண்ணை இப்போது சிரிக்கவில்லை. ஆனாலும் விடுகிற ஆளில்லை. "அப்ப டோர்வலுக்கு என்னெண்டு சொல்ல?"

"வேண்டாமெண்டு சொல்லுங்கோ. நான் போறன்."

இலங்கையில் எங்கள் சொந்த ஊரிலிருந்து கடைசியாகக் கிளம்பிய நாளில் சோதனைச் சாவடி வெயிலில் அரை நாள் நின்றவர் அம்மா. மேசையோரம் இருந்த அவர், பாலத்தின் படத்தை எடுத்துக் கண்ணருகே பிடித்தார்.

"ஒருத்தரும் மறிக்கமாட்டினமோ?"

"மாட்டினம், அம்மா."

"திரும்பி வரேக்கையும்?"

"வரேக்கையும்."

அம்மா படத்தைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அண்ணையைப் பார்த்தார். "இவளோட எனக்கும் ஒரு டிக்கெட் போடு. உந்தப் பாலத்தில நான் நாலு தரம் போய் வரவேணும்."