தாம்போதியில் ஒரு செம்மஞ்சள் கூம்பு

ஜூன் 24, செவ்வாய்க்கிழமை. காலை 9.20. வானத்தில் ஒரு முகில் இல்லை. சோளகக் காற்று மட்டும் ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது.

வேலணைத் தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். மண்டைதீவுச் சந்தி தாண்டி, கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதி வீதியில் ஒரு அம்புலன்ஸ் நின்றது. மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் சறுக்கி, ஒருவர் விழுந்து கிடந்தார். அம்புலன்ஸ்காரர், இளைஞர், முழந்தாளிட்டு அவருடைய காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார் — முதுகு வீதிப் பக்கம். அந்த முதுகுக்குக் காவல் ஒரேயொரு செம்மஞ்சள் கூம்பு.

இந்த அம்புலன்ஸ்காரர்களுக்காகச் சட்டம் வேண்டும் என்று இந்தப் பத்திரிகைப் பத்தியில் நான்கு தடவை எழுதிவிட்டேன். அம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் வேகத்தைக் குறை, ஒதுங்கிப் போ, மீறினால் தண்டம். வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "தாம்போதியிலை எங்கை ஐயா ஒதுங்கிறது? ரெண்டு பக்கமும் கடலெல்லோ?" நியாயம்தான். ஆனால், வேகத்தைக் குறைக்கக் கடல் தடையா?

அன்று எல்லாரும் குறைத்தார்கள். குறைத்து... நின்றே விட்டார்கள்!

விபத்தைக் கண்டால் தீவார் கேட்கும் முதற்கேள்வி 'உயிர் இருக்கோ?' அல்ல, 'ஆற்றை பிள்ளை?' யாருடைய பிள்ளை என்று தெரியாமல் கடந்துபோனால், பின்னேரம் கனடாவிலிருந்து சொந்தக்காரர் எடுக்கும் அழைப்புக்கு என்ன பதில் சொல்வது? எட்டு மோட்டார் சைக்கிள், இரண்டு ஓட்டோ, ஒரு மினிபஸ். கூட்டத்தைக் கண்ட மினிபஸ் நடத்துநருக்கு உற்சாகம். "டவுண், டவுண்! ஏறுங்கோ, இடமிருக்கு!"

நான் நிற்கவில்லை. சட்டம் கேட்கிறவன் அல்லவா? மெதுவாக, ஒழுங்காக, கழுத்தை மட்டும் திருப்பி —

"தம்பி, ஆற்றை பிள்ளை?"

டமார்! கூம்பு என் முன்சில்லுக்குள். சில்லுக்கும் அந்த முதுகுக்கும் நடுவே ஒரு சாண்.

இளைஞர் கட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"ஐயா, இவர் ஆற்றை பிள்ளையெண்டு பிறகு சொல்லுறன். நானும் ஆற்றையோ ஒரு பிள்ளைதான். பாத்து ஓடுங்கோ."

விழுந்து கிடந்தவருக்கு அந்த வலியிலும் சிரிப்பு. "அண்ணை, இவர்தானே பேப்பரிலை அம்புலன்சுக்குச் சட்டம் கேக்கிறவர்!"

இறங்கிக் கூம்பைச் சில்லிலிருந்து இழுத்தெடுத்தேன். கூம்பை அந்த இளைஞர் ஒரு முழம் தன் முதுகுப் பக்கமாகத் தள்ளி வைத்திருந்தால்...?

ஐந்தாவது தடவையாக எழுதுகிறேன்: சட்டம் கட்டாயம் வேண்டும். வேகமாகப் போகிறவருக்கு மட்டுமல்ல, மெதுவாகப் போய்க் கழுத்தைத் திருப்புகிறவருக்கும் தண்டம் வேண்டும்.

முதல் தண்டத்தை நானே கட்டிவிட்டேன். கூம்பு ஒன்று 4,200 ரூபா. அந்த அம்புலன்சுக்கு இரண்டாக வாங்கிக் கொடுத்தேன்: 8,400.